ஆச்சியின் தமிழும் என் பிரம்பும்

2015ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோலா தெர்லாவில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகள் விளக்கை எரியவிட்டபடியே சாலையில் போய்க்கொண்டிருந்தன. என் தாயார் அடுக்களையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டியின் ஓசை திடீரென்று நின்றது. வானொலியில் ஏதோ செய்தி.

"நம்ம ஆச்சி போயிட்டாளாம்டா" என்றார்.

எந்த ஆச்சி என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஆச்சி என்றால் ஒருவர்தாம். முதல்நாள் இரவு சென்னையில் நடிகை மனோரமா காலமாகியிருந்தார்.

என் தாயார் தமிழ்நாட்டைக் கண்டவரல்லர். இம்மலையிலேயே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கூடை சுமக்கத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து கிள்ளியவர். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே அறிந்தவர். திரையில் தோன்றிய பேரழகிகள் எல்லாரும் அவருக்கு 'அந்தம்மா'தான். பத்மினி அந்தம்மா, சரோஜாதேவி அந்தம்மா. மனோரமா ஒருவரை மட்டும் 'நம்ம ஆச்சி' என்பார். 'அவள்' என்றுதான் குறிப்பிடுவார். அது மரியாதைக் குறைவன்று, உறவின் உரிமை. 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கி நிறுத்தும். 'நாம்' என்பது அவரையும் உளப்படுத்திக்கொள்ளும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு நடிகை என் தாயாரின் 'நம்ம' என்னும் சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தார் என்று எண்ணிப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. எண்ணிப் பார்த்தபோது, என் தொழிலில் நான் இழைத்த பிழை ஒன்றும் உடன் வந்து நின்றது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியவனாக இருக்கிறேன்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிற்று. எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேர எழுபதுகளின் பிற்பகுதி ஆயிற்று. தோட்டத்து மண்டபத்தில், பூட்டுப் போட்ட மர அலமாரிக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம். படம் உள்ள நாளில் பெண்கள் சமையலை நேரத்தோடு முடித்துவிட்டுப் பாயும் போர்வையும் பிள்ளைகளுமாக வந்து இடம் பிடிப்பார்கள். மலைக்காற்று ஏரியலைத் திருப்பிவிட்டால் இளைஞர் ஒருவர் கூரைமேல் ஏறி, "தெரியுதா, தெரியுதா?" என்று கத்திக்கொண்டே கம்பத்தைத் திருப்புவார். கீழே ஐம்பது பேர் ஐம்பது விதமாக விடை சொல்வோம்.

இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அத்துடன் படமும் நின்றுவிடும். கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்தார்களா, வில்லன் என்ன ஆனான் என்பன பல படங்களில் எங்களுக்குத் தெரியாமலே போயின. சில முடிவுகளை நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பிறகே பார்த்தேன். ஆனால் நகைச்சுவைக் காட்சிகள் படத்தின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் வந்துவிடும். ஆகவே நாகேசும் மனோரமாவும் எங்களை ஏமாற்றியதே இல்லை. பாதியில் அறுந்துபோன அத்தனை கதைகளிலும் எங்களுக்கு முழுமையாகக் கிடைத்தவர்கள் அவர்கள்தாம்.

இத்தகையோரைத் திரையுலகம் 'குணச்சித்திர நடிகர்' என்று சொல்லும். அழகிய தொடர்தான், ஆயினும் சுவரொட்டியில் அவர்கள் பெயர் சிறிய எழுத்திலேயே காணப்படும். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அவர்களை நினைக்கும்போதெல்லாம் இடைச்சொல்லின் நினைவு வரும். பெயரும் வினையும் போல இடைச்சொல் தனித்து நின்று இயங்குவதில்லை. ஆனால் 'நான் வருவேன்' என்பதற்கும் 'நானும் வருவேன்' என்பதற்கும், 'நானே வருவேன்' என்பதற்கும் 'நானா வருவேன்' என்பதற்கும் இடையே எத்தனை மன வேறுபாடுகள்! அத்தனையும் ஓரெழுத்தும் ஈரெழுத்துமான அச்சிறு சொற்கள் செய்யும் வேலை. மனோரமா ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் திரையில் செய்ததும் அதுவே.

அவருடைய இயற்பெயர் கோபிசாந்தா. 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். தந்தை கைவிட்ட நிலையில், தாயார் இராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். பதினொரு வயதளவில் அச்சிறுமியின் பள்ளிப் படிப்பு நின்றது. பிற்காலப் புகழுக்கு முன்னுரையாக எல்லாரும் விரைந்து கடந்து செல்லும் இச்செய்தியில் ஒரு தலைமையாசிரியனுடைய கண் சிறிது நேரம் நிற்கத்தான் செய்யும். வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கிழித்து அடிக்கப்பட்ட பெயர்கள் எத்தனையோ என் கையெழுத்துக்குக் கீழேயும் உண்டு. அவருள் யார் யாரிடம் என்னென்ன இருந்தனவோ!

சிறுமி நன்றாகப் பாடுவாள். ஊரார் 'பள்ளத்தூர் பாப்பா' என்று அழைத்தார்கள். பன்னிரண்டு வயதில் நாடக மேடை அவளை ஏற்றுக்கொண்டது. மனோரமா என்னும் பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. வைரம் நாடக சபா, எஸ். எஸ். இராசேந்திரனின் நாடக மன்றம் என மேடைகள் வளர்ந்தன. அண்ணாவின் நாடகங்களிலும் கலைஞர் கருணாநிதியின் நாடகங்களிலும் நடித்தார். பின்னாளில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்தின் என்.டி. ராமராவ் ஆகியோருடன் திரையில் நடித்ததால், ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஊர் ஊராகச் சென்ற அந்த நாடக வண்டிதான். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வகையாகத் தமிழ் பேசும் மக்கள் முன்னே வந்து அமர்ந்திருப்பார்கள். காது உள்ள பெண்ணுக்கு அதைவிடச் சிறந்த பல்கலைக்கழகம் ஏது?

கவியரசு கண்ணதாசன் 1958இல் எடுத்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் அவரை நகைச்சுவை வேடத்தில் அறிமுகப்படுத்தினார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்குக் கதாநாயகி ஆகவேண்டும் என்ற ஆசை இருந்திருக்காதா? கதாநாயகியின் காலம் சில ஆண்டுகளே. நகைச்சுவை நடிகையோ நெடுங்காலம் நிலைப்பாள் என்று கவிஞர் தமக்குச் சொன்னதாக மனோரமா பல பேட்டிகளில் நினைவுகூர்ந்தார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். பிறகு தம் இடத்துக்கே திரும்பினார். தோற்றுத் திரும்பினார் என்று நான் கருதவில்லை. எந்த இடத்தில் தம்மால் நிறைய மனிதர்களாக வாழ முடியும் என்பதை அறிந்து திரும்பினார் என்றே கருதுகிறேன். கதாநாயகிக்கு ஒரு முகந்தான் உண்டு. மற்றவர்க்கு அந்தத் தளை இல்லை.

1968ஆம் ஆண்டு 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். சிவாஜி நாகசுரக் கலைஞர், பத்மினி நாட்டியக் கலைஞர். பாலையாவும் நாகேசும் வேறு இருக்கிறார்கள். இத்தனை மலைகளுக்கு நடுவே ஜில்ஜில் ரமாமணியாக வந்து நின்றார் மனோரமா. கொட்டகை நாடகத்தின் பகட்டும், அப்பகட்டுக்குக் கீழே ஒளித்து வைத்த ஏழ்மையும், உயர்ந்த கலையைக் கண்டால் கைகூப்பத் தெரிந்த உள்ளமும் உடையவள் அந்த ரமாமணி. அவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நாம், சிறிது நேரத்தில் சிரித்ததற்காக வெட்கப்படுகிறோம். அவள் வாய் திறந்ததும் எந்த வட்டாரத்துப் பெண், எத்தகைய மேடைகளில் நின்றவள், எவ்வளவு படித்தவள் என்பதெல்லாம் தெரிந்துவிடுகின்றன. ஆசிரியர் கதையில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதைப் பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறார். அதே ஆண்டில் 'பொம்மலாட்டம்' படத்துக்காகச் சென்னைத் தமிழில் அவரே பாடிய பாட்டு, எங்கள் தோட்டத்தில் சென்னை எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத பிள்ளைகள் வாயிலும் இருந்தது.

இங்கே தொல்காப்பியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சொற்களை நான்காகப் பகுக்கும்போது ஆசிரியர் இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடம் தந்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களிலும் தத்தமக்கு உரிய சொற்கள் உண்டு என்பதை அவர் பழித்துக் கூறவில்லை, கணக்கில் எடுத்துக்கொண்டார். பன்னிரு நிலங்களுக்கும் அப்பால் உள்ள எங்கள் ஊரின் பெயரையே பாருங்கள். மலாய் மொழியில் 'கோலா' என்றால் ஆறு வேறொரு நீரில் சென்று கலக்கும் இடம். அச்சொல்லைச் சொல்லாமல் என் முகவரியைக்கூட நான் எழுத முடியாது. பயிற்சிக் கல்லூரியில் அச்சொற்பகுப்பை நான் மனப்பாடம் செய்து தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அதைத் தேர்வுத்தாளிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பதுதான் இனி நான் சொல்ல இருக்கும் கதை.

1992இல் நான் ஆசிரியனானேன். இளமையும் ஆர்வமும் கையில் ஒரு பிரம்பும் இருந்தன. கொச்சையை நீக்கிச் செம்மையை நிலைநாட்டுவதே தமிழாசிரியனின் தலையாய பணி என்று என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகளின் தமிழைத் திருத்திவிட்டால் அவர்கள் வாழ்வே திருந்திவிடும் என்று மெய்யாகவே நம்பினேன். நானும் அந்த லயத்திலிருந்து வந்தவன்தான். வந்தவன் என்பதால்தான் அவ்வளவு கடுமை போலும்.

1994இல் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாடகப் போட்டியில் கலந்துகொண்டார்கள். தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை, நானே எழுதினேன். அதில் ஒரு பாட்டி. ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவியை அதற்குத் தேர்ந்தெடுத்தேன். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை. ஆனால் முதல் ஒத்திகையில், நான் எழுதிக் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, முதுகைச் சிறிது வளைத்து, அவள் பேசினாள்:

"ஏட்டி, வெரசா வாடி. பெரட்டுக்கு மணியடிச்சு எந்நேரமாச்சு. மண்டோரு பேரை வெட்டிப்புட்டான்னா அரிசிக்கு ஒங்கப்பனா வருவான்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பேத்தியின் வாயில் பேசியது இறந்துபோன அவள் பாட்டி என்பது ஆயாவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் செய்தது என்ன? "இது நாடகம், கொச்சை கூடாது" என்றேன். 'பேத்தியே, விரைந்து வா. பணிக்குச் செல்லும் நேரம் கடந்துவிட்டது' என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவள் சொல்ல முயன்றாள். முதல் சொல் என்னுடையதாகவும் அடுத்த சொல் அவள் பாட்டியினுடையதாகவும் வந்தது. ஒவ்வொரு முறை அவள் தவறியபோதும் உள்ளங்கையில் ஓர் அடி கொடுத்தேன். வலிக்கும்படி அடிக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரங்களில் அவள் ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தாள். இடுப்பில் வைத்த கை மட்டும் கீழே இறங்கிவிட்டது. முதுகும் நிமிர்ந்துவிட்டது.

போட்டி நாளன்று மேடையில் முதல் இரண்டு அடிகளைச் சொன்னாள். மூன்றாவது அடி வரவில்லை. திரைக்குப் பின்னால் நின்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். என் கையைத்தான் பார்த்தாள். பிறகு நாடகம் முடியும்வரை அவள் பேசவே இல்லை. மற்றப் பிள்ளைகள் எப்படியோ ஒப்பேற்றி முடித்தார்கள்.

என் தாயாரும் அன்று வந்திருந்தார். திரும்பும் வழியில் வேனில் அமர்ந்து வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "நல்லாப் பேசுற புள்ளய ஏண்டா ஊமையாக்குன? நம்ம ஆச்சி ஒன்கிட்ட படிச்சிருந்தா அவளையும் இப்புடித்தான் ஆக்கியிருப்ப."

அம்மாவுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த மாணவி ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும்வரை நாடகத்தில் சேரவில்லை. நானும் அழைக்கவில்லை.

அச்சொல் தைத்த பிறகுதான் மனோரமாவின் படங்களை நான் பாடம் படிப்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன். மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் நிலைக்களன்கள் என்று படித்திருக்கிறோம். அறுபதுகளின் படங்களில் நகை இளமையிலிருந்தும் எள்ளலிலிருந்தும் பிறந்தது. 1990இல் வந்த 'நடிகன்' படத்தில், முதியவர் வேடம் புனைந்து வரும் இளைஞன்மேல் காதல் கொள்ளும் முதிர்கன்னியாக அவர் வருகிறார். அந்நகை பேதைமையிலிருந்து பிறக்கிறது. ஆனால் அதன் அடியில் வாழாமற்போன ஒரு வாழ்வு கிடக்கிறது. தொல்காப்பியர் நகையை அடுத்து அழுகையை வைத்தார். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை எனக்குக் காட்டியது உரையாசிரியர்கள் அல்லர்.

வகுப்பறைக்குப் பயன்படும் என்று நான் கருதுவது அவருடைய வழக்குத் தமிழ். பிறந்த ஊரின் தஞ்சைப் பேச்சு அவருக்கு இருந்தது. வளர்ந்த ஊரின் செட்டிநாட்டுப் பேச்சு இருந்தது. ஆச்சி என்று மக்கள் அழைத்ததற்கே அதுதான் அடிப்படை. அவற்றோடு நிற்கவில்லை. 1986இல் விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக வருகிறார். அம்மையப்ப முதலியாரின் குடும்பம் வீட்டுக்குள்ளேயே கோடு கிழித்துப் பிரிந்து நிற்கிறது. படித்தவர்கள் எல்லாரும் பேசிப் பேசிக் கெடுத்ததைச் சென்னைக் குடிசைத் தமிழ் பேசும் ஒரு பெண் இடையே புகுந்து சரிசெய்யப் பார்க்கிறாள். அவளிடம் என் செந்தமிழைக் கொடுத்திருந்தால் அவளால் அந்த வீட்டில் ஒரு செம்பைக்கூட எடுத்து வைத்திருக்க முடியாது. 1992இல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் துருத்திய பல் வைத்துக்கொண்டு கொங்கு நாட்டுத் தாயாக வந்தார். அழகைக் குறைத்துக்கொள்ளத் தயங்காத நடிகைகள் அரியர். ஆனால் பல்லைவிடப் பேச்சே அங்கு வேடம். அதே ஆண்டில் 'அண்ணாமலை'யில் பால்காரரின் தாய். அதற்கு முந்தைய ஆண்டில் 'சின்னத் தம்பி'யில் உலகம் அறியாத மகனைப் பெற்ற தாய். தாய் வேடங்கள்தாமே என்று தள்ளிவிடுவார் உண்டு. ஒரு தாயைப் போல இன்னொரு தாய் பேசவில்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அறிவார்கள். ஒருவரைப் போல ஒருவர் பேசாதபோதுதான் இருவரும் மனிதராகிறார்கள்.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காக 1985இல் கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறிற்று. 1989ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், பார்த்திபனின் 'புதிய பாதை'யில் நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகை என்னும் விருது கிடைத்தது. 2002இல் பத்மஸ்ரீ. முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரையில் நடித்த பிறகே அந்தத் தேசிய விருது வந்தது என்பதைக் கணக்குப் பார்த்து நான் ஒருமுறை வியந்து சொன்னபோது, "குடுத்தவனுக்குத்தான் பெருமை" என்று என் தாயார் பேச்சை முடித்துவிட்டார்.

1996இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கியது. சில ஆண்டுகளில் எங்கள் மலையிலும் வீட்டுக்கு வீடு கிண்ணம் போன்ற ஏரியல் முளைத்தது. தொடர் நாடகங்கள் நாள்தோறும் வரத் தொடங்கின. திரைப்படத்தில் வேடம் குறைந்துவிட்ட மூத்த நடிகையர் பலருக்குச் சின்னத்திரை மறுவாழ்வு தந்தது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். மனோரமாவும் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார். 1964இல் 'சர்வர் சுந்தர'த்தில் நாகேசுக்குத் தாயாக நடித்த எஸ். என். லட்சுமி, 2012இல் மறையும்வரை பாட்டியாகச் சின்னத்திரையிலும் வந்துகொண்டிருந்தார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்ட என் தாயார்க்கு மாலை நேரம் முழுவதும் அவர்களே துணை. தந்தையார் அதற்குள் காலமாகிவிட்டார். பள்ளி வேலைகளில் நானும் வீடு தங்குவதில்லை.

ஆனால் தொடர்கள்மீது அவருக்கு ஒரு குறை இருந்தது. "எல்லாவளும் ஒரே மாதிரி பேசுறாளுங்கடா. மாமியாரும் அப்புடித்தான், மருமவளும் அப்புடித்தான், வேலைக்காரியும் அப்புடித்தான். கண்ண மூடிக்கிட்டா யாரு பேசுறான்னு தெரியல" என்பார். மனோரமாவோ லட்சுமி அம்மாளோ வந்தால் மட்டும் ஒலியைக் கூட்டச் சொல்வார். பிற்காலத்தில் என் தாயாரின் கண் மங்கிவிட்டது. அப்போது அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆளைக் காட்டும் பேச்சு எது என்பதற்கு அவரைவிடச் சிறந்த தேர்வாளர் ஒருவரை நான் கண்டதில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆசிரிய நண்பர்கள் என்னைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. கட்டுரையில் 'வெரசா' என்று எழுதும் மாணவனுக்கு இன்றும் சிவப்பு மையால் வட்டமிடுகிறேன். எழுத்துத் தமிழ் நம் எல்லாருக்கும் பொதுவான முற்றம்; அதைத் தூய்மையாக வைத்திருப்பது நம் கடமை. ஆனால் முற்றத்தைப் பெருக்குகிறவன் வீட்டுக்குள் புகுந்து அடுப்பை அணைக்கக் கூடாது. எது முற்றம், எது அடுப்பு என்று எனக்கு அந்த ஆண்டில் தெரியவில்லை. மனோரமா எழுதப்பட்ட வசனத்தை மதிக்காதவர் அல்லர். அதை யார் பேசுகிறார் என்பதையும் மதித்தவர். நானோ வசனத்தை மட்டுமே மதித்தேன்.

என் தாயார் 2019இல் மறைந்தார். தேயிலைத் தோட்டங்களில் இப்போது கொழுந்து வெட்டுவோர் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர். எங்கள் மக்களில் பலர் காய்கறி, பூ வேலைகளுக்குப் போனார்கள். பலர் மலையிறங்கிப் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். பெரட்டு, மண்டோர், ஆயாக்கொட்டகை முதலிய சொற்களை அறிந்த பிள்ளை என் பள்ளியில் இன்று ஒன்றுகூட இல்லை. அச்சொற்களைப் பேசிய பாட்டிகளைப் போலச் செய்துகாட்டக்கூடிய ஒருத்தி இருந்தாள். அவளை நான் பிரம்பால் திருத்தினேன்.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் பதிவுக்காக வந்திருந்தார்கள். என் அறைக்குள் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் மகளைக் கையில் பிடித்தபடி நுழைந்தார். பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் என்னை முன்பே அறிந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "வாங்கம்மா, உட்காருங்கள்" என்றேன். அவர் அமர்ந்து, மலாயில் பேசத் தொடங்கினார். மகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிப் பேருந்து ஆகிய எல்லாவற்றையும் நல்ல மலாயில் கேட்டார். நான் தமிழில் விடை சொன்னேன். அவர் மீண்டும் மலாயிலேயே பேசினார். இருபது நிமிடம் இப்படியே நடந்தது. அதில் கோபமோ குத்தலோ சிறிதும் இல்லை. மிகுந்த மரியாதை இருந்தது. ஒரு தமிழாசிரியர் முன்னால் தமிழில் பிழைபட்டுவிடக் கூடாது என்னும் மரியாதை.

அந்தப் பழைய நாளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தேன். சிறுமி அருகில் இருந்தாள். வெளியே மற்றப் பெற்றோர் காத்திருந்தார்கள். இவற்றையெல்லாம் காரணமாக்கிக்கொண்டு பேசாமலிருந்துவிட்டேன். அவர் படிவத்தில் கையெழுத்திட்டு, நன்றி சொல்லி எழுந்தார். நன்றியையும் மலாயில்தான் சொன்னார்.

கதவு சாத்தியது. தாழ்வாரத்தில் சிறுமி ஏதோ வேண்டும் என்று அடம்பிடிப்பது கேட்டது. உடனே தாயின் குரல் உயர்ந்தது.

"ஏட்டி, வெரசா வாடி. பஸ்ஸு போயிருச்சுன்னா ஒங்கப்பனா வந்து தூக்கிட்டுப் போவான்?"

அந்தப் பாட்டியின் குரல் அது. ஓர் ஏற்றம் இறக்கம்கூட மாறவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், கதவுவரை சென்றேன், திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் பேச்சை மாற்றிக்கொண்டிருப்பார். படிக்கட்டில் அவர்கள் இறங்கிப் போகும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.